தேயும் எலும்பு, சோரும் இரத்தம்: தோட்டத்துப் பெண்கள் கேட்க வேண்டியவை

தெமோதரைப் பக்கத் தோட்டங்களில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலர் இரண்டு வருத்தங்களைச் சேர்த்தே சொல்வார்கள்: "இடுப்பு கடுக்குது, மலை ஏறினா மூச்சு வாங்குது." கடுப்புக்குத் தைலமும் பனடோலும் கிடைக்கும். மூச்சு வாங்குவதற்குச் சத்துக் குளிசை. "வயசாச்சுதானே" என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அப்படி முடியவிடக் கூடாது. எலும்பையும் இரத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இரத்தம் உருவாவது எலும்புக்குள். இடுப்பெலும்பு, முள்ளந்தண்டு, நெஞ்செலும்பு இவற்றினுள் இருக்கும் மச்சையில் மூலக்கலங்கள் வாழ்கின்றன. சிவப்பணு, வெள்ளையணு, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணு எல்லாம் அவற்றின் வழிவந்தவை. எப்போது ஓய்ந்திருப்பது, எப்போது பெருகுவது, எந்த அணுவாக மாறுவது என்பதில் சுற்றியுள்ள எலும்புக் கலங்கள் அனுப்பும் இரசாயனச் செய்திகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தவறணையில் ஒரு தேயிலைக் கன்று தேறுவது மண்ணையும் நிழலையும் பொறுத்தது, மச்சையிலும் அப்படித்தான். ரே ஸ்கோஃபீல்ட் என்ற ஆய்வாளர் 1978இல் இதை ஊகமாக முன்வைத்தார். எலும்பு கட்டும் கலங்கள் கூடினால் இரத்த மூலக்கலங்களும் கூடுவதை 2003இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் காட்டின.

வயது ஏற ஏற இந்தச் செய்திப் போக்குவரத்து குழம்புகிறது. எலும்பு கட்டும் கலங்கள் சோர்கின்றன, மச்சையில் கொழுப்பு படிகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரஜன் குறைந்ததும், எலும்பை அரிக்கும் கலங்களைத் தூண்டும் செய்தி ஓங்குகிறது. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்மட் கைகர் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், முதிய எலிகளின் மச்சையில் ஒஸ்டியோபொன்டின் என்ற புரதம் குறைந்திருந்தது. அந்தச் சூழலில் இட்ட இளம் மூலக்கலங்களும் முதுமைக் குணம் காட்டின. அப்புரதத்தின் ஒரு வடிவத்தைக் கொடுத்தபோது முதிய மூலக்கலங்களின் போக்கு ஓரளவு சீரானது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இது எலிகளில் கண்டது. மனிதருக்கான மருந்தாக இன்னும் வரவில்லை.

இந்த இடைவெளியில்தான் வியாபாரம் புகுகிறது. மூட்டுவலிக்கு ஸ்டெம் செல் (மூலக்கல) ஊசி, இளமை திரும்ப ஸ்டெம் செல் மாத்திரை என்று யாராவது சொன்னால் காசை எடுக்காதீர்கள். இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்குச் செய்யும் மச்சை மாற்றுச் சிகிச்சைதான் நன்கு நிலைபெற்றது. மற்றவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுநிலையில் இருப்பவை. மருந்து தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவானதா, கொடுப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவான வைத்தியரா என்று கேளுங்கள். பெயர் ஒட்டாத வாதக் குளிசையும் ஆபத்தானது. அதில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் வலி உடனே குறையும், ஆனால் மாதக்கணக்கில் விழுங்கினால் எலும்பு மெலியும்.

தோட்டங்களில் மூச்சு வாங்க வைக்கும் இரத்தச்சோகைக்கு முதற்காரணமாகத் தேட வேண்டியது இரும்புச்சத்துக் குறைவைத்தான். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பது குறையும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது. ஆனால் குளிசை குடித்தும் சோகை மாறாமல், இடுப்பு அல்லது முதுகெலும்பு வலி இரவிலும் விடாமல் இருந்தால் விடயம் வேறு. மல்டிபிள் மையலோமா என்ற மச்சைப் புற்றுநோய் இப்படித்தான் பதுங்கி வரும். அந்தப் புற்றுக்கலங்கள் எலும்பை அரிக்கும்படி பொய்ச் செய்தி அனுப்புகின்றன. மச்சையில் இரத்தம் உருவாகும் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. அரிதான நோய் என்றாலும், வயதென்று விட்டுவிட்டால் சிறுநீரகம் பழுதான பிறகுதான் பிடிபடக்கூடும். முழு இரத்தக் கணக்கு, ஈ.எஸ்.ஆர்., கல்சியம், கிரியேட்டினின் ஆகிய எளிய பரிசோதனைகளே முதல் ஐயத்தைக் கிளப்பும்.

எலும்பின் நிலையை அறிய டெக்ஸா ஸ்கேன் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. வயது, எடை, உயரம், முன்பு முறிந்த எலும்பு, ஸ்டீரொய்ட் பாவனை ஆகியவற்றைக் கொண்டு முறிவு அபாயத்தைக் கணிக்கும் ஃப்ரெக்ஸ் கணிப்பான் இலங்கைக்கென்றே இருக்கிறது. இளமையில் இருந்ததைவிட நாலு சென்ரிமீற்றர் குள்ளமாகிவிட்டதாகத் தெரிந்தால் சொல்லுங்கள். முள்ளந்தண்டு நசிந்ததற்கு அது அடையாளமாகலாம்.

அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். தோட்ட மருந்தகத்தின் துண்டு இல்லாமலும் பதுளை வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். எழுந்து நடக்க முடியாதபடி விழுந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் கட்டணமில்லை. மொழி புரியாமல் தலையாட்டிவிட்டு வர வேண்டியதில்லை. அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொண்டு கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது. "தமிழில் சொல்லுங்க ஐயா" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மலையில் கொழுந்து எடுக்கும்போது சறுக்கி இடுப்பு முறிந்தால் "எலும்பு முன்னமே தேஞ்சிருச்சு, எங்க பொறுப்பில்ல" என்று தோட்ட நிர்வாகம் சொல்லக்கூடும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கேட்பது, விபத்து வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்ததா என்பதை. எலும்பு தேய்ந்திருந்தது என்ற ஒன்று மட்டும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. ஆகவே அன்றே கணக்கப்பிள்ளையிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். பக்கத்து நிரையில் நின்றவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டையைக் கொடுத்துவிடாமல் பிரதி மட்டும் கொடுங்கள். நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கத் தோட்டத் தலைவரும் சங்கக் காரியாலயமும் உதவ வேண்டும், அதற்காகத்தானே மாதாமாதம் சந்தா.

இனி வேலை செய்ய முடியாது என்றாலும் சும்மா நின்றுவிடாதீர்கள். 5 வருடச் சேவை முடித்தவருக்கு, 15 பேருக்குக் குறையாத வேலைத்தலத்தில், வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். வேலையிலிருந்து விலகுவதாக எழுத்தில் கொடுத்து, கொடுத்த நாளோடு ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.