சீட்டில் வந்த பெயர்

குப்பத்துச் சந்தையில் 'பண்டு' என்றால் தெலுங்கருக்குப் பழம். தமிழ் நூல் கற்றவருக்கு முன்னாள். ஒலி ஒன்று, பொருள் இரண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இவ்வூரில் வாழும் நமக்கு இது வியப்பன்று. அச்சொல்லை மட்டும் ஒரு சீட்டில் எழுதி, எழுதியவர் யார் என்று சொல்லாமல் வழிப்போக்கர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் எப்பொருளைக் கொள்வார்? தாம் நிற்கும் இடத்துப் பொருளைத்தானே! கணிப்பொறி நிரல்களிலும் இச்சிக்கல் உண்டு. அதனைச் சிறிது ஆராய்வோம்.

நிரலில் மாறிகளுக்குப் பெயரிடுகிறோம். ஒரு பெயர் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே அதன் வரையெல்லை. செயற்கூற்றினுள் பிறந்த பெயர் அதனுள் மட்டும் வழங்கும். நிரலின் மேல்மட்டத்தில் பிறந்தது எங்கும் வழங்கும். எழுதிய இடத்தைப் பார்த்தே இதனை அறியலாம். ஆனால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகள், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சரத்தை நீட்டி, 'இதனையும் நிரலாகக் கொள்க' என்று சொல்ல இடந்தருகின்றன. பைத்தானில் 'எவால்' மதிப்பைக் கணித்துத் தரும். 'எக்செக்' கட்டளைகளை நிறைவேற்றும். அந்தச் சரந்தான் நம் சீட்டு. அதில் பெயர்கள் இருக்கின்றன. பெயர்களின் வீடு இல்லை.

சோதித்துப் பாருங்கள். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் மாறிகளாக ஏற்கிறது. நிரலின் மேலே விலை = 10 என்க. 'கடை' என்னும் செயற்கூற்றினுள் விலை = 20 என்க. அடுத்த வரியில் 'விலை = 30' என்னும் சரத்தை எக்செக்கிடம் கொடுத்து, பிறகு விலையை அச்சிடுங்கள். முப்பது வரும் என்பர் பலர். வருவது 20!

காரணம் இதுதான். செயற்கூறு ஓடுவதற்கு முன்பே, அதன் உள்ளமை மாறிகளுக்கு எண்ணிட்ட அறைகளைப் பைத்தான் ஒதுக்கிவிடுகிறது; எல்லாம் விரைவுக்காக. எக்செக்கிற்குக் கிடைப்பது அவ்வறைகளைப் பார்த்து எழுதிய படி ஒன்றே. படியைத் திருத்தினால் மூலம் மாறுமா? முன்பெல்லாம் எக்செக் புதிதாகப் படைத்த பெயர் அந்தப் படியில் தங்கியிருக்கும். பின்னால் வரும் எவால் அதனைக் கண்டுகொள்ளும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் ஒவ்வொரு முறையும் புதுப்படி எடுக்கப்படுவதால் அதுவும் இல்லை.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. 'சந்தை' என்னும் செயற்கூற்றில் விலை = 20; அதனுள்ளே 'கடை' என்னும் மற்றொரு செயற்கூறு. கடையில் விலை என்ற சொல் சரத்தினுள் மட்டுமே வருகிறது. அச்சரத்தை எவால் கணிக்கிறது. விடை 20 அன்று. மேலே கிடந்த 10. கடையினுள் எங்கேனும் விலையை அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்துவிட்டால் விடை 20 ஆகிவிடும். சேர்த்த வரி கணக்கில் எதனையும் மாற்றவில்லை; வெளிப்பெயரைக் கடைக்குள் கொண்டுவந்தது, அவ்வளவே. பிழைச்செய்தி எதுவும் எழாது. தேர்வு மதிப்பெண் கணக்கில் இப்படி நேர்ந்தால் யார் கண்டுபிடிப்பார்?

ஜாவாஸ்கிரிப்டின் வழி வேறு. எவாலை அதன் பெயரால் அழைத்தால் அழைத்த இடத்து மாறிகளைக் காணும். வேறொரு பெயரில் இட்டுவைத்து அழைத்தாலோ முழுதளாவிய மாறிகளை மட்டுமே காணும். 2009ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்புத் தரம் இதனை விதியாக்கிற்று. அழைக்கும் பெயருக்கேற்பக் குணம் மாறுவது மனிதரிடம் மட்டுமே உண்டு என்று எண்ணியிருந்தேன்!

இவ்வழக்கு பழையது. 1960 அளவில் ஜான் மெக்கார்த்தியின் லிஸ்ப் மொழி, அழைத்த இடத்துப் பொருளையே கொண்டது. 1975இல் சஸ்மனும் ஸ்டீலும் படைத்த ஸ்கீம், பெயர் எழுதப்பட்ட இடத்துப் பொருளே பொருள் என்றது. இன்றைய மொழிகளிற் பெரும்பாலானவை பின்னதன் பக்கமே; சரத்திற்கு மட்டும் எழுதப்பட்ட இடம் என்பதே இல்லை.

ஆகவே சீட்டோடு ஓர் அகராதியையும் கொடுத்துவிடுவதே என் வழக்கம். எக்செக்கிற்கு இரண்டாவதாக ஓர் அகராதியைத் தந்தால் சரம் அதில் மட்டுமே எழுதும். விலை 30 அவ்வகராதியில் கிடைக்கும். ஆனால் இதனைப் பாதுகாப்பு என்று மயங்கிவிட வேண்டா. வெற்று அகராதியைக் கொடுத்தாலும் பைத்தான் தன் உள்ளமைந்த செயற்கூறுகளை அதில் தானே சேர்த்துவிடுகிறது; கோப்பைத் திறக்கும் கட்டளையும் அவற்றுள் ஒன்று. செய்திட்டத்தில் பயனர் தட்டெழுதுவது வெறும் எண்ணோ பட்டியலோ என்றால், 'லிட்டரல் எவால்' போதும். அது பெயர்களைத் தேடுவதே இல்லை.