பேடும் அஃறிணை முடிபும்

தமிழில் படர்க்கை வினைமுற்று பால்காட்டும் விகுதி கொண்டே முடிவது. ஆகவே ஆண், பெண் என்னும் பாகுபாட்டில் அடங்காதவரை எவ்விகுதியால் சுட்டுவது என்னும் வினா இலக்கணிகளுக்கு முன்பே எழுந்தது. பேட்டிற்குத் தனி ஈறு இல்லை, அஃது உயர்திணை ஈற்றையே ஏற்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. நன்னூலோ, பெண்மை விட்டு ஆண்மையை விரும்பின் ஆண்பால், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்பின் பெண்பால் என வகுத்தது. ஈண்டு உடலன்று, விருப்பமே அளவுகோல். தம் பாலினத்தைத் தாமே முடிவுசெய்யும் உரிமையை 2014இல் உச்ச நீதிமன்றம் ஏற்றதற்கு இது வியப்பூட்டும் அளவு நெருக்கமானது. ஆயின் அதே நூற்பா, இருவகையும் அஃறிணைபோல் முடிதலும் உண்டு என்கின்றது.

இம்முடிபு ஏட்டளவில் நிற்கவில்லை. பேருந்திலும் மருத்துவமனை வரிசையிலும் ‘அது வருது பார்’ என்னும் பேச்சு திருநங்கையர் செவியில் இன்றும் விழுகின்றது. ‘அலி’ போய்த் ‘திருநங்கை’ வந்த பின்னரும் ‘அது’ முற்றிலும் நீங்கவில்லை. பெயரை மாற்றுதல் எளிது. விகுதியோ பேசுவோர் எண்ணிப் பாராமலே வெளிப்படுவது.

மொழிபெயர்ப்பாளர் ‘அவர் வந்தார்’ என எழுதிச் சிக்கலைத் தவிர்க்கலாம். இந்தியில் மதிப்புப் பன்மை வினையும் பெரும்பாலும் பால்காட்டுவதால் அவ்வாய்ப்பு அங்குக் குறைவு. எனினும், ஒரே வாக்குமூலத்தில் பிற பெண்டிர் ‘அவள்’ என்றிருக்கத் திருநங்கை மட்டும் ‘அவர்’ எனப்படின், அம்மதிப்பே அவரைப் பெண்பாலினின்று விலக்கிவிடும்.