உங்களுக்குத் தெரியுமா? – தரையை ஒட்டி நிற்கும் காருக்கு எந்த ஜாக்கி?

◆ நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பென்ரோஸ் பகுதியில் கிடங்குகளும் பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும்தான் அதிகம். இந்த ஊர்ப் பட்டறைகளுக்கு வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பல, ஜப்பானில் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்தவை. இரண்டு நாட்டிலும் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால் அப்படியே ஓட்டலாம். 1998-இல் நியூசிலாந்து கார் இறக்குமதி வரியை நீக்கியது. உள்நாட்டில் கார் பூட்டிக்கொண்டிருந்த கடைசி ஆலைகளும் அதே ஆண்டில் மூடப்பட்டன.

◆ 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. அங்கிருந்து வந்த வண்டியின் டேஷ்போர்டு அறையில் கையேடு இருந்தாலும் அது ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். கவலை வேண்டாம், அதிலுள்ள படத்தைப் பாருங்கள். கதவுக்குக் கீழே, பாடியின் அடி விளிம்பில் இரண்டு சிறிய வெட்டுகள் அருகருகே தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஜாக்கி ஏற வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தாலும் தகடு மடங்கிவிடும். மடங்கிய இடத்தில் பெயின்ட் உரிந்து துருவும் பிடிக்கும்.

◆ ஜாக்கி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை டன்?" என்பதைத்தான். ஸ்போர்ட்ஸ் காருக்கு அது இரண்டாவது கேள்வி. எம்எக்ஸ்-5-இன் எடை ஏறக்குறைய ஒரு டன். ஒரு மூலையையோ ஒரு முனையையோ தூக்கும்போது அதிலும் ஒரு பங்கைத்தான் ஜாக்கி சுமக்கிறது. இரண்டு டன் ஜாக்கி தாராளம். முதலில் பார்க்க வேண்டியது, முழுக்க இறக்கிய நிலையில் ஜாக்கியின் தலை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. சாதாரண ட்ராலி ஜாக்கியில் இது 130, 140 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தாழ்வகை ஜாக்கியில் 75 முதல் 90 வரை. லாரிக்குப் போடும் பாட்டில் ஜாக்கி இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. நின்ற நிலையிலேயே அது காரின் அடிப்பாகத்தைவிட உயரம்.

◆ அளவு எடுக்கும்போது பலர் மறந்துவிடும் விஷயம் பஞ்சர். 225/40 ஆர்18 என்று டயரில் எழுதியிருந்தால், பக்கச்சுவரின் உயரம் 225-இல் 40 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். காற்று முழுவதும் இறங்கிவிட்டால் அதில் பெரும்பகுதி போய், கார் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும். நல்ல டயரோடு நிற்கும்போது சுலபமாக நுழைந்த ஜாக்கி அப்போது நுழையாது. ஸ்பிரிங் மாற்றி இன்னும் தாழ்த்திய வண்டி என்றால் நிலைமை மேலும் மோசம். டேப்பை எடுத்து, ஜாக்கி வைக்கும் இடத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, பஞ்சருக்கு என்று ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஜாக்கித் தலையில் ரப்பர் வைப்பதாக இருந்தால் அதன் கனத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

◆ உயரம் சரியாக இருந்தும் வேலைக்கு ஆகாத ஜாக்கி உண்டு. முன்பக்கம் முழுவதையும் ஒரே தூக்காகத் தூக்க, பம்பருக்கு வெகு உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டத்தின் நடுவே தலையைக் கொண்டுபோக வேண்டும். ஜாக்கியின் உடல் குட்டையாக இருந்தால் தலை அங்கே எட்டுவதற்குள் கைப்பிடி பம்பரின் அடியில் மாட்டிக்கொள்ளும். கைப்பிடியை மேலும் கீழும் ஆட்ட இடம் இருக்காது. நாலு விரற்கடை ஆட்டி ஆட்டி எண்ணெயை ஏற்ற முடியுமா? அதனால் நீளமான உடலும், ஒரே அசைவில் அதிகம் ஏற்றும் இரட்டை பம்ப்பும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் இந்த இரண்டுக்கும் கொடுக்கும் பணம் வீணாகாது.

◆ அலுமினியமா, இரும்பா? பந்தயத் திடலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அலுமினியம் வரம். வீட்டு கராஜிலேயே கிடக்கப்போகிறது என்றால் இரும்பே போதும்.

◆ ட்ராலி ஜாக்கிக்குச் சக்கரம் வைத்திருப்பது இழுத்துச் செல்வதற்காக மட்டும் இல்லை. அதன் கரம் நேராக மேலே ஏறாமல் வளைவாக ஏறுகிறது. கார் உயர உயர, ஜாக்கி தானாகவே கொஞ்சம் உருண்டு காருக்கு அடியில் நகர வேண்டும். சரளையிலும் புல்தரையிலும் அந்தச் சின்னச் சக்கரங்கள் புதைந்துவிடும். நகர முடியாத ஜாக்கியின் தலை, தாங்கும் புள்ளியை விட்டு வழுக்கும். சமமான கான்கிரீட் தரைதான் இதற்கு ஏற்ற இடம்.

◆ இருக்கும் ஜாக்கி ஒரு விரல் அளவு உயரம் கூடிப்போனால் உடனே புதிது வாங்க வேண்டும் என்பதில்லை. முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே கனமுள்ள உறுதியான பலகைகள் மேல் ஏற்றி நிறுத்தினால், பலகையின் கனம் அளவுக்கு அடியில் இடம் கிடைத்துவிடும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜாக்கியை உள்ளே தள்ள வேண்டும்.

◆ சிறிய பிஸ்டனை அழுத்தினால் பெரிய பிஸ்டன் பெருஞ்சுமையைத் தூக்கும் என்ற பாஸ்கலின் விதியை இயந்திரமாக்கி, 1795-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஜோசப் பிராமா. பூட்டுகள் செய்வதிலும் பெயர் பெற்றவர் அவர். கையில் எடுத்துச்செல்லும் ஹைட்ராலிக் ஜாக்கிக்கு 1851-இல் நியூயார்க்கின் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை வாங்கினார்.

◆ பந்தயக் கார்களில் சில, ஜாக்கியைத் தம் வயிற்றிலேயே வைத்திருக்கின்றன. குழாயைச் செருகி அழுத்தக் காற்றைச் செலுத்தினால், அடியிலிருந்து கால்கள் நீண்டு கார் தானாக எழும்பும். ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸ் வண்டிகளில் இந்த ஏற்பாடு உண்டு. ஆக்லாந்துக்குத் தெற்கே, 1963 முதல் இயங்கிய புக்ககோஹி பந்தயத் திடலில் அவை கடைசியாக ஓடியது 2022 செப்டம்பரில். அடுத்த ஆண்டு அங்கே கார்ப் பந்தயமே நின்றுபோனது. ஃபார்முலா 1-இல் தலைமுறைகளாக நிலைத்திருக்கும் மெக்லாரன் அணியைத் தொடங்கிய புரூஸ் மெக்லாரனும் ஆக்லாந்துக்காரர்தான். 1937-இல் பிறந்த அவர் வளர்ந்தது ரெமுவேராவில், தந்தையின் கராஜை ஒட்டி.

◆ ஜாக்கியில் எண்ணெய் குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெயையே ஊற்றுங்கள். பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, தூக்கிய சுமை மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும்.

◆ ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பொதுவான தர எண்கள் உண்டு. ட்ராலி ஜாக்கிக்கு ஏஎஸ்/என்இசட்எஸ் 2615, காரைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு ஏஎஸ்/என்இசட்எஸ் 2538. பெட்டியில் இந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்கி நிற்பது ஸ்டாண்டின் வேலை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜாக்கியானாலும், ஒரு ஜோடி ஸ்டாண்டு வைக்காமல் காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.