கறுப்புக் காரில் கீறலா? முதலில் எக்செல் ஷீட்டைத் திறங்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் பெயின்டுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வேலை இருக்கிறது. கறுப்பு நிறக் காரில் விழுந்த கீறலைச் சரி செய்வதில் பாதி வேலை அளப்பதும் பதிவு செய்வதும்தான். அளவு எடுக்காமல் பாலிஷ் மிஷினைக் கையில் எடுப்பது, பேக்கப் எடுக்காமல் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்வதற்குச் சமம். தேய்ந்து போன பெயின்டை எந்த அன்டூ பட்டனும் திருப்பித் தராது.

நான் குடியிருப்பது படூரில். பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூரைத் தாண்டி, கேளம்பாக்கத்துக்கு முன்னால் இருக்கும் ஊர். கிழக்கே முட்டுக்காடு உப்பங்கழியும் கோவளம் கடற்கரையும். தெற்கே உப்பளங்களுக்குப் பெயர் போன கேளம்பாக்கம். சாலையில் கட்டட வேலைகளின் தூசி, காற்றில் உப்பு, குழாயில் போர்வெல் உப்புத் தண்ணீர். என்னிடம் இருப்பது ஒன்பது வயதான கறுப்பு ஹேட்ச்பேக் கார். இரண்டாவது கையாக வாங்கியது. மாலை வெயிலில் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போலக் கீறல்கள்.

ஒரு பெயின்டிங் ஷெட்டில் காட்டினேன். பானட், கூரை, நான்கு கதவுகள் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார்கள். சொன்ன தொகை ஐந்து இலக்கம். செலவை விட எனக்கு உறுத்தியது வேறு விஷயம். ஃபேக்டரி பெயின்டை ஒரு முறை எடுத்துவிட்டால் அதே தரத்தில் திரும்பப் போட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

கார் பெயின்டும் ஒரு சிடியும்

உங்களிடம் பழைய சிடி ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தகவல் இருப்பது அதற்கு மேலே, லேபிள் பக்கத்தை ஒட்டி. அடிப்பக்கத்தில் லேசான கீறல் விழுந்தால் பாலிஷ் செய்து மீட்கலாம். லேபிள் பக்கம் ஆழமாகக் கீறினால் சிடி போய்விட்டது என்று அர்த்தம்.

காரும் இப்படித்தான். இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் காக்கும் எலெக்ட்ரோ கோட், அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாம் பார்க்கும் பளபளப்பு கிளியர் கோட்டுடையது. பெரும்பாலான கீறல்களும் அதில்தான் இருக்கும்.

வித்தியாசம் கனத்தில். கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். அதாவது உங்கள் காரைக் காப்பாற்றும் படலம் ஒரு தலைமுடியை விட மெல்லியது. சிடியின் பிளாஸ்டிக்கில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரசாயனமும் இந்தப் படலத்தில்தான் கலந்திருக்கிறது. அதைத் தேய்த்துக் குறைத்தால் சில வருடங்களில் கூரையும் பானட்டும் வெளுத்து உரிய ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம் சூடு. ஃபேக்டரியில் வெறும் இரும்பு உடலுக்குப் பெயின்ட் அடித்து, சுமார் 140 டிகிரி செல்சியஸில் வேக வைக்கிறார்கள். ஓடும் காரில் வயர், பிளாஸ்டிக், சென்சார், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் இருப்பதால் ஒர்க்‌ஷாப் பூத்தில் 60 டிகிரி அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்து மறைமலை நகரிலேயே ஃபோர்டு நிறுவனம் 2010-இல் ஃபிகோ காருக்காக, மூன்று பூச்சுகளையும் ஈரம் காய்வதற்கு முன் ஒன்றன் மேல் ஒன்றாக அடித்து ஒரே தடவை வேக வைக்கும் முறையைக் கொண்டு வந்தது. அங்கே கார் உற்பத்தி 2022-இல் நின்றது. அப்படி ரோபோக்களும் அடுப்பும் சேர்ந்து செய்த வேலையை ஷெட்டில் எதிர்பார்க்க முடியாது.

கறுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு தெரிகிறது?

வெள்ளைக் காரிலும் அதே அளவு கீறல் இருக்கும். ஆனால் வெள்ளை நிறம் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் திருப்பி அனுப்புவதால் கீறலின் மினுக்கல் அதில் கரைந்துவிடும். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. ஆகவே கீறலின் விளிம்பில் பட்டுச் சிதறும் கொஞ்ச வெளிச்சமும் தனியாகத் தெரிகிறது.

விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரிவதைப் பார்த்துத் துடைத்தவர் வட்டமாகத் துடைத்தார் என்று நினைக்காதீர்கள். கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கும். வெளிச்சத்தை நம் கண் பக்கம் திருப்பும் கோணத்தில் இருப்பவை மட்டுமே தெரிவதால், அவை விளக்கை மையமாக வைத்த வட்டம் போலத் தோன்றுகின்றன. டார்ச்சை நகர்த்துங்கள், வட்டமும் கூடவே நகரும்.

ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. அன்றைய எனாமலில் கிளியர் கோட் என்ற ஒன்றே கிடையாது. பேஸ் கோட், கிளியர் கோட் முறை பரவலானது 1980-களில்தான். நம் இன்றைய பிரச்சினை அந்தக் கண்ணாடிப் பளபளப்புக்கு நாம் கொடுக்கும் விலை.

கீறல் எங்கிருந்து வருகிறது? மணலில் இருந்துதான். கடற்கரை மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. கண்ணாடியையே கீறும். காலையில் வாட்ச்மேன் ஒரே துணி, ஒரே பக்கெட் தண்ணீரில் பத்துக் கார்களைத் துடைத்தால், அந்தத் துணி கார் துடைக்கும் துணி அல்ல, வாட்டர் பேப்பர்!

முதல் வேலை: ரகம் பிரித்தல்

1. கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். மறைந்தால் அது கிளியர் கோட்டில் இருக்கிறது. பாலிஷ் போதும்.

2. நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால் ஆழம் அதிகம். முழுதாக எடுக்க முயலக் கூடாது. விளிம்பை மழுக்கினாலே பாதி மறையும்.

3. உள்ளே சாம்பல் நிறமோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர் வரை போய்விட்டது. பாலிஷ் உதவாது. டச்-அப் பெயின்ட் வேண்டும்.

4. இரும்பு தெரிந்தால் தள்ளிப் போடாதீர்கள். படூர் போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்று துருவைச் சீக்கிரம் கொண்டு வரும். துரு பெயின்டுக்கு அடியில் பரவும்.

இரண்டாவது வேலை: அளவும் ஷீட்டும்

பெயின்ட் திக்னஸ் கேஜ் என்று ஒரு கருவி கிடைக்கிறது. பார்க்கத் தெர்மாமீட்டர் மாதிரி இருக்கும். விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும். இரும்பில் காந்தப் புலத்தையும், அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தையும் வைத்து உலோகத்துக்கு மேலே எத்தனை மைக்ரான் படலம் இருக்கிறது என்று சொல்லும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே வேலை செய்யாது. இது காட்டுவது மொத்தக் கனம். கிளியர் கோட்டை மட்டும் தனியாகக் காட்டாது.

எக்செல்லில், அல்லது இலவசமான லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் ஒரு ஷீட் திறங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பாகம்: பானட், கூரை, டிக்கி, நான்கு கதவுகள், நான்கு ஃபென்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து இடங்களில் அளந்து ஐந்து காலங்களில் போடுங்கள். அடுத்த காலத்தில் ஆவரேஜ், அதற்கடுத்து மின் ஃபங்ஷன். பிறகு எண்களைத் தேர்வு செய்து, எக்செல்லில் ஹோம் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், அதற்குள் கலர் ஸ்கேல்ஸ். கால்க் என்றால் ஃபார்மட் மெனுவில் கண்டிஷனல். அவ்வளவுதான், உங்கள் காரின் ஸ்கேன் ரிப்போர்ட் கலரில் ரெடி.

ஃபேக்டரி பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். என் ஷீட்டில் பானட் சராசரி 114, கூரை 118. இடது பின் கதவு மட்டும் 262! காரை விற்றவர் பெயின்ட் அடித்ததைப் பற்றி மூச்சு விடவில்லை, ஷீட் சொல்லிவிட்டது. இதுவே 1000-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கேஜை இரவல் வாங்கியாவது எடுத்துப் போகலாம். நான் முழுசாக ரீபெயின்ட் செய்ய மறுத்ததற்கும் இதுதான் காரணம். நாளைக்கு என் காரை வாங்க வருகிறவர் கையிலும் இந்தக் கருவி இருக்கும். எல்லாப் பாகமும் 250 காட்டினால், பெரிய விபத்தில் அடிபட்ட கார் என்றுதான் நினைப்பார்.

மூன்றாவது வேலை: முன், பின் படங்கள்

நிழலில் வண்டியை நிறுத்தி, ஒரு கையில் டார்ச், மறு கையில் செல்போன். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் கேமரா கறுப்பைச் சாம்பலாக்கிக் காட்டி உங்களை ஏமாற்றும். ஒரே தூரம், ஒரே கோணம். ஃபைல் பெயரில் பாகத்தின் பெயரும் தேதியும் இருக்கட்டும்.

பாலிஷ் செய்யும் முறை

முதலில் ஷாம்பு போட்டு, சோப்புக்கு ஒரு பக்கெட், துணி அலச ஒரு பக்கெட் என்று இரண்டு வைத்துக் கழுவுங்கள். பிறகு கிளே பார் எனப்படும் களிமண் போன்ற கட்டியால், வழுக்கும் திரவம் தெளித்து ஒட்டியிருக்கும் துகள்களை எடுங்கள். பானட் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கறுப்புக் காருக்கு அதிகாலைதான் நல்ல நேரம்.

புதியவர்களுக்குச் சுழன்று கொண்டே ஆடும் டி.ஏ. பாலிஷர் பாதுகாப்பு. ஷெட்டில் பயன்படுத்தும் ரோட்டரி மிஷின் ஒரே இடத்தில் நின்றால் சூடேறி விளிம்புகளில் பெயின்டைச் சாப்பிட்டுவிடும். விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். மிருதுவான பேட், மெல்லிய பாலிஷ் இரண்டையும் வைத்து ஓர் அடிச் சதுரத்தில் மட்டும் முயன்று பாருங்கள். போதவில்லை என்றால்தான் அடுத்த நிலை காம்பவுண்ட்.

முடித்ததும் பளபளப்பை நம்பாதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும். இரண்டு மழையில் எல்லாம் திரும்ப வரும். பிராசஸரில் தெர்மல் பேஸ்ட் துடைக்க வைத்திருக்கிறீர்களே, அந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு டிஸ்டில்டு வாட்டரில் கலந்து துடைத்த பிறகு படம் எடுங்கள். அதுதான் உண்மையான ரிசல்ட்.

என் பானட்டில் பாலிஷுக்குப் பிறகு அதே ஐந்து இடங்களில் சராசரி 111. மூன்று மைக்ரான் குறைவு. கருவியின் பிழையும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் இதைத் துல்லியமான கணக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாலிஷ் போடச் சொல்லும் பேக்கேஜுகளை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது புரியும். கைவசம் 40 மைக்ரான்தான்.

டச்-அப்: எல்லாக் கறுப்பும் கறுப்பல்ல

ஃபோட்டோஷாப்பில் கறுப்பு என்றால் மூன்று பூஜ்யங்கள். காரில் அப்படி இல்லை. நீலம் கலந்தது, மெட்டாலிக், மைக்கா துகள் சேர்ந்தது என்று பல உண்டு. செல்போன் படத்தைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லாதீர்கள். காரில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் பெயின்ட் கோட் இருக்கும். பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ தேடுங்கள். பெரிய மிக்ஸிங் கடைகளில் ஸ்பெக்ட்ரோ போட்டோமீட்டர் வைத்துப் பல கோணங்களில் நிறத்தை எண்ணாக்கி, கம்ப்யூட்டர் சொல்லும் கிராம் கணக்கில் கலந்து தருவார்கள். 1976-இல் வெளிவந்த லேப் என்ற நிற அளவை முறைதான் இதற்கு அடிப்படை.

மெல்லிய பிரஷ்ஷால் கீறலுக்குள் மட்டும் பல தடவை லேசாக வைத்து, நன்றாகக் காய விட்டு, 2000, 3000 கிரிட் வாட்டர் பேப்பரால் சமன் செய்து பாலிஷ் போடலாம்.

ஒரு எச்சரிக்கை

ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் கோட்டை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் முயலவே வேண்டாம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. வாசனையை வைத்து ஆபத்தை அறிய முடியாது. ஒரு முறை உடம்பு ஒவ்வாமைக்குப் பழகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சுத் திணறும். வெளிக்காற்று தரும் முகமூடியும் பூத்தும் இருக்கும் இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிக்கும் பையன்களை நம் சாலையோர ஷெட்டுகளில் பார்க்கிறோம். கதவு ஒன்றுக்கு அவசியம் பெயின்ட் அடிக்க வேண்டி வந்தால், விலை கேட்கும்போதே முகமூடி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஷெட் பாருங்கள்.

ஷீட்டில் கடைசியாக ஒரு காலம் சேர்த்து, எந்தத் தேதியில் எந்தப் பாகத்தில் என்ன செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்து யாராவது "ஒரு பாலிஷ் போட்டுடலாம் சார்" என்றால், போடலாமா வேண்டாமா என்பதை அந்த எண்களே சொல்லும்.