அமரவிளையில் 'செக்' என்றால் என்ன?

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் போகும் பேருந்தில், பாறசாலை கடந்தால் பயணிகள் வாயில் வரும் பெயர் 'அமரவிளை செக்போஸ்ட்'. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை வந்ததும் கூடவே சோதனையும் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் விற்பனை வரிக்காக லாரிகளை நிறுத்துவது ஒழிந்தது. கலால் துறையின் சோதனை ஒழியவில்லை.

இந்தச் சொல் பிறந்தது சதுரங்கப் பலகையில். பாரசீக மொழியில் 'ஷா' என்றால் அரசன். அரசனுக்கு ஆபத்து என்று எச்சரித்த அந்தச் சொல்லே அரபு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. பிறகு தடுப்பது, சரிபார்ப்பது என்றும் பொருள் விரிந்தது. பலகையின் கட்டங்களால் கட்டம் போட்ட லுங்கியும் 'செக்' ஆனது. (நம் எண்ணெய்ச் செக்குக்கும் இதற்கும் உறவில்லை!)

வேலைக்கு வந்தவர்களுக்கு முக்கியமானது பாங்கு 'செக்'. ஆங்கிலத்தில் எழுத்து வேறானாலும் வேர் ஒன்றே. மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கூலிக்குப் பதிலாகக் காண்ட்ராக்டர் செக் கொடுத்தால் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். 2012 ஏப்ரல் முதல் அதற்கு ஆயுள் மூன்றே மாதம்.

கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால், 1989 ஏப்ரல் முதல் அது குற்றம். இரண்டாண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் கணக்குத் தப்பக் கூடாது. பாங்கு தகவல் தந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். வாய்ப்பேச்சில் தவணை கேட்டு நாளைக் கடத்துகிறவர்கள் இந்தக் கெடுவை நன்றாக அறிந்தவர்கள்.

எந்த ஊர்க் கோர்ட்டு என்ற கவலையும் 2015-ல் குறைந்தது. மார்த்தாண்டத்து பாங்குக் கிளையில் கணக்கு வைத்திருப்பவர், அமரவிளையில் வாங்கிய செக்கை அந்தக் கணக்கில் போட்டுத் திரும்பினால், வழக்குக்காக எல்லை தாண்டி வர வேண்டியதில்லை. அந்தக் கிளை எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறதோ, அங்கேதான் புகார் கொடுக்க வேண்டும்.