சைக்கெடெலிக் சிகிச்சையில் நனவு அனுபவத்தின் பங்கு

மனச்சோர்வு நோய்க்கு சைலோசைபின் போன்ற சைக்கெடெலிக் மருந்துகளைத் தரும்போது, நோயாளி சில மணி நேரம் இயல்புக்கு மாறான மனநிலையை உணர்கிறார். நோயைக் குறைப்பது அந்த அனுபவமா, அல்லது மருந்து மூளையில் ஏற்படுத்தும் வேதிமாற்றம் மட்டுமேவா என்பது உளமருத்துவத்தில் இன்னும் தீராத கேள்வியாகும்.

பின்னணி

சைலோசைபின் சில வகைக் காளான்களில் உள்ள வேதிப்பொருள். சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் இதைப் பிரித்தெடுத்தார். உடலில் இது சைலோசினாக மாறி, மூளையின் செரோட்டோனின் 2ஏ ஏற்பிகளைத் தூண்டுகிறது. அப்போது காட்சிகள், காலம், 'நான்' என்னும் உணர்வு ஆகியவை மாறுகின்றன. 2022இல் வெளியான, 233 பேர் பங்கேற்ற ஆய்வில், ஒரே தடவை 25 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு, 1 மில்லிகிராம் பெற்றவர்களைவிட மூன்றாம் வாரத்தில் மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது.

இரு கருத்துகள்

2021இல் ஒரே ஆய்விதழில் இரு எதிரெதிர்க் கட்டுரைகள் வெளிவந்தன. நீடித்த பயனுக்கு அனுபவம் அவசியம் என்று டேவிட் யேடன், ரோலண்ட் கிரிஃபித்ஸ் ஆகியோர் வாதிட்டனர். அவசியமாக இல்லாதிருக்கலாம் என்றார் டேவிட் ஓல்சன்.

முதல் கருத்துக்கு ஆதரவாக, 2018இல் வெளியான இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வைக் கூறலாம். 20 நோயாளிகளில், எல்லையற்று விரிவது போன்ற உணர்வை ஆழமாகப் பெற்றவர்களே பின்னர் அதிக நலம் பெற்றனர். ஆனால் இரண்டும் சேர்ந்து நிகழ்வதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றாகிவிடாது. மூளையில் மருந்து வலுவாகச் செயல்பட்டதே இரண்டுக்கும் பொதுக் காரணமாக இருக்கலாம்.

இரண்டாம் கருத்துக்கு விலங்காய்வுகள் துணை நிற்கின்றன. 2021இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2ஏ ஏற்பியைத் தடுக்கும் கெட்டான்செரினை முன்னரே எலிகளுக்குக் கொடுத்தனர். அதன் பிறகும் சைலோசைபினின் பயன் காணப்பட்டது. எனினும், எலியிடம் 'என்ன உணர்ந்தாய்?' என்று கேட்க முடியாது.

சோதிப்பதில் உள்ள சிக்கல்

மருந்தாய்வில், யாருக்கு மருந்து, யாருக்கு மருந்துப்போலி என்பதை மறைத்து வைப்பது வழக்கம். சைலோசைபின் ஆய்வில் இம்மறைப்பு நிலைப்பதில்லை. அனுபவமே உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். 'மருந்து கிடைத்தது' என்ற நம்பிக்கையும் பலனைக் கூட்டும்.

இதற்கு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டனர். கெட்டமின் வேறு வகை மருந்து என்றாலும், அதுவும் மனநிலையை மாற்றுவது; மனச்சோர்வுக்கும் தரப்படுவது. அறுவைச் சிகிச்சைக்காக முழு மயக்கத்தில் இருந்த 40 மனச்சோர்வு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கெட்டமினும் மற்றவர்களுக்கு மருந்துப்போலியும் கொடுத்தனர். 2023இல் வெளியான முடிவுப்படி, இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமடைந்தனர். எதிர்பார்ப்பின் வலிமையை இது உணர்த்துகிறது. ஆனால் மயக்க மருந்தே கெட்டமினின் செயலைத் தடுத்திருக்கவும் கூடும். ஆகவே அனுபவம் தேவை என்பதற்கு இது முழுச் சான்றாகாது.

ஏன் முக்கியம்?

மனச்சிதைவு நோய் உள்ளவர்களும், குடும்பத்தில் அந்நோய் உள்ளவர்களும் பொதுவாக இந்த ஆய்வுகளில் சேர்க்கப்படுவதில்லை. மருந்தின் வேகம் தணியும்வரை பயிற்சி பெற்றவர்கள் அருகிலேயே இருக்க வேண்டும், செலவும் அதிகம். அனுபவம் தேவையில்லை எனில், மாயத்தோற்றம் தராத மருந்துகள் இவர்களுக்கும் எட்டும். தேவை எனில், அதை நீக்கிய மருந்து நோயாளியை ஏமாற்றமடையச் செய்யும்.

சட்டநிலை

ஆஸ்திரேலியாவில் 2023 சூலை 1 முதல், மற்ற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற உளமருத்துவர்கள் சைலோசைபினைப் பரிந்துரைக்கலாம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் இது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். மருத்துவக் கண்காணிப்பின்றி இதை உட்கொள்வது ஆபத்தானது.