தெற்கே ஆறு படி, வடக்கே நாலு படி

வா கண்ணு, இப்படி உட்கார். மாமா இத்தாலி போய்வந்த கதையை இன்றைக்குச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உன் பள்ளிக்கூட மணி எங்கே தொங்குகிறது? தலைமையாசிரியர் அறை வாசலிலா, வேப்பமரக் கிளையிலா? எங்கே தொங்கினாலும் அதன் ஓசை விளையாட்டுத் திடல் வரைக்கும் கேட்டால் போதும். ஊர் முழுக்கக் கேட்க வேண்டுமானால்? உயரத்தில் கட்ட வேண்டும், இல்லையா?

பைசா நகரத்துக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். தங்கள் பெரிய தேவாலயத்து மணிகளுக்காக 1173-இல் ஒரு மணிக்கூண்டு கட்டத் தொடங்கினார்கள். நீ படத்தில் பார்த்திருக்கும் பைசா சாய்ந்த கோபுரம் அதுதான். உச்சியில் இன்றைக்கும் ஏழு மணிகள் இருக்கின்றன.

ரயிலை விட்டு இறங்கி, ஆர்னோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, குறுகலான தெருக்கள் வழியே நடந்தேன். ஒரு திருப்பம் திரும்பியதும் பெரிய பச்சைப் புல்வெளி. அதன்மேல் வெள்ளைப் பளிங்குக் கட்டடங்கள். அவற்றின் பின்னால் அது நின்றுகொண்டிருந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சாய்வு அதிகம்போலப் பட்டது எனக்கு. "ஐயோ, யாராவது பிடிங்க!" என்று கத்தத் தோன்றியது.

புல்வெளி முழுக்க ஆட்கள் கையைத் தூக்கிக் காற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். கோபுரத்தைத் தாங்குவது மாதிரிப் படம் எடுக்கிறார்களாம். மாமாவும் எடுத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்தால், என் கை ஒரு பக்கம், கோபுரம் ஒரு பக்கம். அதை உனக்குக் காட்டப் போவதில்லை.

சரி, அது ஏன் சாய்ந்தது? கட்டியவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? கொத்தனார் தப்பா?

பக்கத்திலேயே இருக்கும் தேவாலயத்தைக் கவனித்தால் அதுவும் ஒரு துளி சாய்ந்திருக்கிறது. ஊருக்குள் இன்னொரு தேவாலயத்து மணிக்கூண்டும் சாய்ந்திருக்கிறது. ஓர் ஊரில் இத்தனை கட்டடங்கள் ஒன்றாகத் தள்ளாடினால் யாரைச் சந்தேகிக்க வேண்டும்? மண்ணைத்தான்! நீ முன்னாலேயே சொல்லிவிட்டாய் அல்லவா? கெட்டிக்காரி. (தம்பியாக இருந்தால், கெட்டிக்காரன்.)

ஆறும் கடலும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. மேலே மணலும் சேறும் கலந்த மண். அதற்கும் கீழே, நாற்பது மீட்டர் ஆழம் வரை, ஈரம் ஊறிய மெத்தென்ற களிமண். அதன்மேல் சுமார் 56 மீட்டர் உயரத்துக்குக் கல் கட்டடம். எடை ஏறத்தாழ 14,500 டன். அஸ்திவாரமோ வெறும் மூன்று மீட்டர் ஆழம்தான்.

வீட்டில் காலித் தீப்பெட்டிகள் இருக்கின்றனவா? தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார். கை நடுங்காவிட்டால் பத்துப் பன்னிரண்டு நிற்கும். இப்போது அதையே இலவம்பஞ்சுத் தலையணைமேல் அடுக்கு. நாலைந்து வரும்போதே ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பக்கம் பாரம் கூடும். பாரம் கூடியதும் அந்தப் பக்கம் இன்னும் அழுந்தும். அழுந்தினால் இன்னும் சாயும். புரிகிறதா? ஒரு தடவை தொடங்கிவிட்டால் சாய்வு தனக்குத்தானே தீனி போட்டுக்கொள்கிறது.

அப்படியானால் பைசா கோபுரம் ஏன் அப்போதே விழவில்லை?

கோபுரத்தின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாக நினைத்துக்கொள். அதற்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டு பார்த்திருப்பாய். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது அடித்தளத்துக்கு உள்ளேதான் வந்து நிற்கும். அதனால் கோபுரம் கவிழவில்லை. ஆனால் இது பாதிப் பதில்தான். கீழே மண் இளகிக்கொண்டே போனால் தூக்குக்குண்டுக் கணக்கு எத்தனை நாளைக்கு உதவும்?

மீதிப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோபுரத்தைக் காப்பாற்றியது சண்டை!

1178-இல் நான்காம் மாடியைத் தொட்டபோது வேலை நின்றுவிட்டது. பக்கத்து ஊர்களோடு ஓயாத போர். நூறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக, அரைகுறைக் கோபுரம் அப்படியே நின்றது. கீழே களிமண் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? தயிரைத் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டால், நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, காலையில் கெட்டியாகிவிடும் இல்லையா? அதே கதைதான். கோபுரத்தின் பாரம் அழுத்த அழுத்த, களிமண்ணிலிருந்து நீர் மெல்லக் கசிந்து, மண் இறுகியது. நிறுத்தாமல் ஒரே மூச்சில் கட்டியிருந்தால் கோபுரம் கவிழ்ந்திருக்கும் என்று இந்தக் காலத்துப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள்.

1272-இல் மறுபடி தொடங்கினார்கள். அதுவரை ஒரு துளி வடக்கே சாய்ந்திருந்த கோபுரம், மேல்மாடிகள் ஏற ஏறத் தெற்கே திரும்பிவிட்டது. கட்டுபவர்கள் சும்மா இருப்பார்களா? தாழ்ந்த பக்கத்தில் கல்லைச் சற்று உயரமாக வைத்து, மேலே போகப் போக நிமிர்த்தப் பார்த்தார்கள். அதனால் கோபுரம் நேர்க்கோடாக இல்லை. உற்றுப் பார்த்தால் வாழைப்பழம்போல லேசாக வளைந்திருக்கும். ஏழாம் மாடி முடிந்ததும் மறுபடி நீண்ட இடைவெளி. உச்சியில் மணி மண்டபம் ஏறியது 1370-ஐ ஒட்டித்தான். உன் தாத்தாவுக்குத் தாத்தா தொடங்கிய வீட்டை நீ முடிப்பதுபோல!

இங்கே நீ கலிலியோ பெயரைச் சொல்வாய் என்று தெரியும். அவர் 1564-இல் பைசாவில் பிறந்தவர். கோபுரத்திலிருந்து எடை வேறுபட்ட இரண்டு குண்டுகளைப் போட்டு, இரண்டும் சேர்ந்து விழுவதைக் காட்டினார் என்பது அவருடைய மாணவர் விவியானி எழுதிய கதை. உண்மையில் நடந்ததா என்று வரலாற்று அறிஞர்களுக்குச் சந்தேகம். ஆனால் சோதனையை நீயே செய்யலாம். ஒரு மாங்காயையும் ஒரு நெல்லிக்காயையும் மாடியிலிருந்து ஒரே நேரத்தில் விடு. கீழே யாரும் இல்லையே என்று முதலில் பார்த்துக்கொள்.

கோபுரத்துக்கு வருவோம். சாய்வு நிற்கவில்லை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், மெல்ல மெல்ல. உதவப் போனவர்கள் சில சமயம் கெடுத்துவிட்டார்கள். 1930-களில் முசோலினி ஆட்சியின்போது, அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். கோபுரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டது. 1989-இல் அதே இத்தாலியில் பாவியா ஊரின் பழைய கோபுரம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அரசாங்கம் பயந்துபோய் 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தைப் பூட்டிவிட்டது. அப்போது சாய்வு ஐந்தரை டிகிரி.

இப்போது நீதான் தலைமைப் பொறியாளர். எப்படி நிமிர்த்துவாய்? கொஞ்சம் யோசி. உடனே கீழே படிக்காதே!

என் அண்ணன் மகள் ஆறாம் வகுப்பு. "தெற்குப் பக்கம் பெரிய தூண் வைத்து முட்டுக் கொடுக்கலாம்" என்றாள். நல்ல யோசனை. ஆனால் அந்தத் தூணும் அதே சேற்றில்தானே நிற்க வேண்டும்? கயிறு கட்டி இழுத்தால் பழைய சுவர் வெடித்துவிடும்.

உண்மையில் செய்தது இதுதான். முதலில் உயர்ந்த பக்கமான வடக்கே, அடித்தளத்தின்மேல் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். ஏற்றப் பலகையில் உயர்ந்து நிற்கும் பக்கத்தில் ஆளை உட்கார வைப்பதுபோல. கொஞ்சம் பலன் இருந்தது. பிறகு 1995-இல் ஒரு தவறு. தெற்கே வேலைக்காக மண்ணைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்தபோது, ஓராண்டில் சாய வேண்டியதை ஒரே இரவில் கோபுரம் சாய்ந்துவிட்டது. அந்த இரவு யாருக்குத் தூக்கம் வந்திருக்கும்?

கடைசியில் பலித்த வழி மிக எளியது. தெற்கே தூக்குவதற்குப் பதிலாக வடக்கே இறக்கினார்கள்! வடபக்கத்து மண்ணுக்குள் சாய்வாகக் குழாய்களை இறக்கி, ஒவ்வொரு கரண்டியாக மண்ணை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் மண் மெல்லச் சரிந்து மூடும். வடக்கு ஒரு மயிரிழை அமுங்கும். ஒருவேளை தப்பாகப் போனால் பிடித்துக்கொள்ள, பட்டத்துக்கு நூல் கட்டுவதுபோல, கோபுரத்தைச் சுற்றி இரும்பு வடம் கட்டித் தூரத்தில் நங்கூரமிட்டு வைத்திருந்தார்கள். வடத்துக்கு வேலை வரவில்லை. 38 கன மீட்டர் மண் வெளியே வந்தது. கோபுரத்தின் உச்சி ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் பின்னால் வந்தது. 2001 டிசம்பரில் கதவைத் திறந்துவிட்டார்கள். இப்போது சாய்வு நான்கு டிகிரி அளவில்தான்.

"முழுக்க நிமிர்த்தியிருக்கலாமே?" என்று கேட்கிறாயா? நிமிர்ந்த கோபுரத்தைப் பார்க்க மாமா அத்தனை தூரம் போயிருப்பேனா!

இன்னொரு ஆச்சரியம். அந்த வட்டாரத்தில் பலமான நிலநடுக்கங்கள் வந்திருக்கின்றன. கோபுரம் தப்பித்துவிட்டது. 2018-இல் ஒரு பொறியாளர் குழு காரணம் சொன்னது. ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் உயரே போகும், தாளம் தப்பித் தள்ளினால் போகாது அல்லவா? விறைப்பான கோபுரமும் மெத்தென்ற மண்ணும் சேர்ந்து ஆடும் தாளம், நிலநடுக்கத்தின் தாளத்தோடு ஒட்டுவதே இல்லை. சாய்த்த மண்ணே தாங்கியும் இருக்கிறது.

சீட்டு வாங்கி நானும் ஏறினேன். சுழன்று சுழன்று போகும் பளிங்குப் படிகள், எண்ணூறு ஆண்டுக் கால்கள் பட்டுக் குழிந்திருக்கின்றன. ஓர் அரைச் சுற்றில் வலப்பக்கச் சுவர் நம்மை இழுக்கிறது. அடுத்த அரைச் சுற்றில் இடப்பக்கச் சுவர். பாதியில் மாமாவுக்குத் தலை சுற்றியது. வயதாகிவிட்டது என்று நினைக்காதே, முன்னால் போன பையனும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினான்.

ஏழாம் மாடியின் விளிம்பிலிருந்து மணி மண்டபத்துக்குச் சில படிகள் இருக்கின்றன. தெற்குப் பக்கம் எண்ணினேன்: ஆறு. சுற்றி வந்து வடக்குப் பக்கம் எண்ணினேன்: நாலு. திரும்பவும் எண்ணினேன். அதே கணக்குதான்.

ஏன் என்று சொல் பார்க்கலாம். விடையை மேலே ஓரிடத்தில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.